வன்னிக்குள் வானோடு வந்தால் இரவில் எங்கே நிறுத்துவது?

கேள்வி: நாங்கள் ஜேர்மனியில் இருக்கிறோம். ஓகஸ்ட் நடுப்பகுதியில் நானும் மனைவியும் 12, 9 வயதுப் பிள்ளைகள் இருவருமாக வருகிறோம். படுக்கையும் சின்னக் குசினியும் வைத்த வான் ஒன்றைக் கொழும்பில் பத்து நாளுக்கு எடுத்திருக்கிறோம். இங்கே வருடா வருடம் இப்படித் திரிந்து பழக்கம். ஆப்பைத் திறந்தால் இரவு நிறுத்துமிடம் வந்துவிடும், வன்னியில் ஒன்றையும் காட்டவில்லை. அப்பா ஒட்டுசுட்டான்காரர்தான், ஆனால் நான் ஐந்து வயதில் வெளிக்கிட்டவன், எனக்கு அது புது நாடு மாதிரி. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு, பிறகு கிளிநொச்சி என்று சுற்ற நினைக்கிறோம். ஆள் இல்லாத குளத்தடி ஏதாவது பார்த்து நிறுத்திப் படுக்கலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். படுக்கக் கூடாது. ஆள் இல்லாத குளத்தடி படத்துக்கு நல்லாயிருக்கும், அதுவும் ஓகஸ்டில் தண்ணீர் வற்றி, அலைகரையில் பச்சைப் புல் முளைத்து, கொக்கு நிரையாக நிற்கும்போது யாருக்கும் அங்கே கதிரை போட்டு இருக்கத்தான் மனம் வரும். ஆனால் அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும் உங்களுக்கு முன்னமே உரித்தாளிகள் இருக்கிறார்கள். கோடையில் காட்டுக்குள் இருக்கிற சின்ன மோட்டைகள் எல்லாம் காய்ந்துவிட, யானை பொழுதுபடக் குளத்துக்குத்தான் இறங்கும்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. ஹயர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கனடாவிலிருந்து வந்த மூன்று பேர் ஆசைப்பட்டார்கள் என்று மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு குளக்கட்டின் கீழ் வானை நிறுத்தினேன். பிழை முழுக்க என்னுடையது, இடம் தெரிந்தவன் நான்தானே. வெக்கைக்குக் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டுப் படுத்தோம், பின் சீற்றில் ஒரு சீப்பு இதரை வாழைப்பழம். இரண்டு மணி இருக்கும், யாரோ பக்கத்தில் பெருமூச்சு விடுகிற மாதிரிச் சத்தம், முழித்துப் பார்த்தால் அந்த நாலு விரல் இடைவெளியில் ஈரமான தும்பிக்கை நுனி ஒன்று மோந்துகொண்டு நிற்கிறது. சாவியைத் தொட்டால் சத்தம் போடும் என்று தொடவும் இல்லை. பழத்தை வெளியே எறிவோமா என்று பின்னால் இருந்தவர் கையால் கேட்க, வேண்டாம் என்று நானும் கையாலேயே சொன்னேன், எறிந்தால் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தானே வரும். கடைசியில் பக்கக் கண்ணாடியைப் பழஞ்சீப்பு மாதிரி முறித்துப் போட்டுவிட்டுப் போனது. விடிய மாடு சாய்க்க வந்த ஐயா ஒருவர் வானைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டது ஒரே கேள்வி: “உமக்கென்ன விசரே?”

யானை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. காட்டோரத்தில் பன்றிக்கும் மானுக்கும் கட்டுத்துவக்கு (கம்பியில் கால் தட்டினால் தானே வெடிக்கிற துவக்கு) கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வயல் வேலியில் களவாக மின்சாரம் இழுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மிதிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடக்கிறது, பெரும் பகுதி முடிந்தும்விட்டது, ஆனாலும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை எங்கே நிற்கிறதோ அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் சனம் நடந்து, சைக்கிள் ஓடித் தேய்ந்த பாதையை விட்டு இறங்க வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளை “கொஞ்சம் உள்ளே போய் மறைவாக இருந்துவிட்டு வாறன்” என்று கேட்கும் இடம் இது, ஆகவே இப்போதே சொல்லிப் பழக்குங்கள்.

சரி, அப்போது எங்கேதான் நிறுத்துவது? ஆப்பில் ஒன்றும் காட்டவில்லை என்றால் இடம் இல்லை என்று அர்த்தமில்லை. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவு வழியாகக் காலங்காலமாக நடக்கிறார்கள், ஒவ்வொரு இரவும் எங்கேயோ படுத்துத்தானே எழும்புகிறார்கள். அவர்கள் படுக்கிற இடத்தைக் கவனித்தால் கணக்கு விளங்கும்: கோயில் வீதி, ஒரு கிணறு, ஒரு பெரிய மரம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு. வன்னியில் இரவுத் தங்கல் என்றால் இதுதான். நீங்கள் வந்து நிற்பது ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அது போதும்.

அதற்கு நேரம் முக்கியம். நாலு மணிக்குள் அன்றைய இடத்தை முடிவு செய்துவிடுங்கள். ஓகஸ்டில் ஆறரையோடு இருள் விழும், விழுந்த பிறகு முன்பின் தெரியாத வான் ஒன்று படலையில் வந்து லைற் அடித்தால் யாரும் சிரித்துக்கொண்டு வரமாட்டார்கள், அதற்கான காரணமும் உங்கள் அப்பாவுக்குத் தெரியும். இருட்டில் ஓடுவதும் புத்தியில்லை. கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதி இப்போது நல்ல வீதிதான், அந்த நல்ல வீதியில் தார்ச் சூட்டுக்கு மாடுகள் வந்து படுத்துக் கிடக்கும், பின்னால் லைற் இல்லாத லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) போகும், வேகமாக வருகிற கொழும்பு பஸ்காரர் இரண்டையும் விலத்தி உங்கள் பக்கம் வருவார்.

கேட்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். வானை வீதியில் விட்டுவிட்டு இறங்கி நடந்து போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. படலைக்கு வெளியே நின்று “வீட்டுக்காரர்” என்று கூப்பிடுங்கள், நாய் குரைத்து முடியட்டும். எடுத்தவுடன் தங்க இடம் கேட்காமல் முதலில் தண்ணீர் கேளுங்கள். தண்ணீர் வரும்போதே “எவடத்தாலை வாறியள்?” என்ற கேள்வியும் வரும், அடுத்தது “அப்பான்ரை பேர் என்ன?” என்பதாக இருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றும் கேட்கவே தேவை இருக்காது, வளவுக்குள் மாமரத்தடியைக் காட்டி வானைக் கொண்டுவந்து விடச் சொல்வார்கள், பெரும்பாலும் வானில் படுக்கவும் விடமாட்டார்கள், விறாந்தையில் பாய் போட்டுவிடுவார்கள். காசு நீட்டாதீர்கள், அது மனவருத்தம். காலையில் வெளிக்கிடும்போது ஒரு பால்மா பக்கெற்றும் பிஸ்கற்றும் வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். இதற்காகவே வவுனியாவில் சாமான் வாங்கும்போது நாலைந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலென்றால் ஐயரையோ நிருவாக சபைத் தலைவரையோ கேட்க வேண்டும், வீதியில் நிற்கிற யாரும் ஆளைக் காட்டிவிடுவார்கள். நீங்கள் போகும் ஏ34 வீதியில், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை, ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில் இருக்கிறது, முள்ளியவளை தாண்டினால் நந்திக்கடல் ஓரத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கால் வைக்க இடமில்லாத அளவு சனம், ஓகஸ்டில் ஆறுதலாக இருக்கும். கோயில் வீதியில் நிற்பதென்றால் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கக் கூடாது, போத்தல் கூடாது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், பிள்ளைகளுக்குக் கிணற்றுக்கட்டில் செருப்போடு ஏறக் கூடாது, கிணற்றோடு சேர்த்துச் சவர்க்காரம் போடக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

மடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நீங்கள் வருகிற திகதிக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மடு மாதா கோயில் வளவு, சாதாரண நாளில், வானோடு வருகிற குடும்பத்துக்கு வன்னியிலேயே நல்ல இடம் என்பது என் எண்ணம். காட்டுக்கு நடுவில் பெரிய மர நிழல், யாத்திரிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடில் போட்டுச் சமைத்துத் தங்கிப் பழகிய நிலம், நீங்கள் அங்கே வேற்று ஆளாகத் தெரியமாட்டீர்கள். கோயில் அலுவலகத்தில் கேட்டால் எங்கே நிறுத்தலாம் என்று காட்டுவார்கள். ஆனால் ஓகஸ்ட் 15 பெருவிழா, இலங்கை முழுவதிலிருந்தும் இலட்சக்கணக்கில் சனம் வரும். விழாவுக்கே போகிற எண்ணமென்றால் முன்கூட்டியே போய் இடம் பிடியுங்கள், இல்லையென்றால் அந்த வாரம் முழுவதும் மடுப் பக்கமே தலைவைக்க வேண்டாம். நல்லூர்த் திருவிழாவும் 25 நாள், அதே காலத்தை ஒட்டித்தான் வரும், அதனால் ஏ9இல் வாகனமும் கூட, வவுனியா, கிளிநொச்சி விடுதிகளும் நிரம்பியிருக்கும்.

முறிகண்டியில் எல்லாரையும் போல நிறுத்துங்கள், பிள்ளையாருக்குத் தேங்காய் அடியுங்கள், கச்சான் வாங்குங்கள். அங்கே படுப்பது சரிவராது, விடிய விடிய பஸ் வந்து நின்று போகும், பகலில் குரங்கு ஒன்று வானுக்குள் தலையை விட்டால் உங்கள் குசினி அதன் குசினிதான். இரணைமடுக் குளத்துக்குப் பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பிவிடுங்கள். கிளிநொச்சியில் சுற்றுமதில் உள்ள விடுதி ஒன்றில் அறை எடுக்காமல் வளவில் நிறுத்தவும் குளிக்கவும் மட்டும் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், முதலில் விளங்காமல் முழிப்பார்கள், பிறகு ஒரு காசு சொல்வார்கள். பத்து நாளில் இரண்டு இரவாவது அப்படித் தங்கினால்தான் உடுப்புத் தோய்க்க முடியும்.

(ஒரு விசயம், ஊர்க்காரர் யாராவது “வான் பாயுது, அந்தப் பக்கம் போகாதேங்கோ” என்றால் உங்கள் வாகனத்தைச் சொல்லவில்லை. குளம் நிரம்பி மேலதிக தண்ணீர் வழிகிற இடத்துக்கும் இங்கே வான் என்றுதான் பெயர். ஓகஸ்டில் அது பாயாது, மார்கழியில் வந்தால் கவனம்.)

முல்லைத்தீவுக் கடற்கரையில் நிறுத்துவதென்றால் மீன்பிடி வாடியில் (மீனவர் தங்கும் கொட்டிலில்) கேட்டு, அவர்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். படை முகாம் வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தவோ படம் எடுக்கவோ வேண்டாம். இரவு யாராவது வந்து விசாரித்தால் கடவுச்சீட்டுப் பிரதியையும் வானின் வாடகைப் பத்திரத்தையும் காட்டி, யாரைக் கேட்டு நிற்கிறீர்கள் என்று பெயர் சொன்னால் அதோடு முடியும். முள்ளிவாய்க்கால் பக்கம் போவீர்கள், போகத்தான் வேண்டும், ஆனால் அங்கே குடை விரித்துக் கதிரை போட்டு இறைச்சி வாட்டுகிற வேலை வேண்டாம். 2009ஐக் கண்டவர்கள் அந்த வீதியில் இப்போதும் குடியிருக்கிறார்கள்.

இனி வானுக்குள். ஏசியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டுப் படுப்பதைத் தயவு செய்து செய்யாதீர்கள், புகை உள்ளே ஏறினால் யாருக்கும் முழிப்பே வராது. ஜன்னலுக்கு நுளம்பு வலை தைத்துக் கொண்டுவாருங்கள், பற்றரியில் ஓடுகிற சின்ன மின்விசிறி ஒன்றும் போதும். இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது, பழைய வன்னிக் காய்ச்சல் கதையைச் சொல்லி அம்மா பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், ஆனால் டெங்கு இருக்கிறது, அதன் நுளம்பு பகலில் கடிக்கும். ஜேர்மனியில் நீங்கள் வைத்திருக்கும் காஸ் சிலிண்டர் பொருத்தம் இங்கே சரிவராது, இங்கே 2.3, 5, 12.5 கிலோ சிலிண்டர்தான் விற்பனையில், வான்காரரிடம் எது பொருந்தும் என்று எடுக்கும்போதே கேளுங்கள். கோடையில் சருகு மேல் அடுப்பு மூட்ட வேண்டாம். குடிக்கிறதுக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்காமல் சுத்திகரித்து விற்கிற இடத்தில் பெரிய கானை நிரப்புங்கள், பல இடங்களில் தண்ணீர் கல்லுத் தண்ணீர், ஊர்ச்சனமே இப்போது அப்படித்தான். வானில் கழிப்பறைப் பெட்டி இருந்தால் அதைப் பாவிக்கவே வேண்டாம், ஜேர்மனி மாதிரி அதை ஊற்றுவதற்கு இங்கே இடம் கிடையாது, வாய்க்காலில் ஊற்றினால் அடுத்த வளவில் பிள்ளை அதில் குளிக்கும். தங்குகிற வீட்டிலோ விடுதியிலோ மலசலகூடம் கேளுங்கள், பகலில் பெற்றோல் செட்.

ஜேர்மன் லைசென்சும் சர்வதேச அனுமதிப் பத்திரமும் இருந்தாலும் இங்கே ஓட உள்ளூர் அங்கீகாரம் எடுக்க வேண்டும், அதைக் கொழும்புப் பக்கமே முடித்துவிட்டு வெளிக்கிடுங்கள். இடதுபக்கம் ஓடுவது முதல் இரண்டு நாள் குழப்பும், அந்த இரண்டு நாளை வவுனியா வரைக்கும் மெல்ல ஓடிப் பழகச் செலவழியுங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, இரண்டையும் பிள்ளைகளின் ஃபோனிலும் போடுங்கள். பாம்புக்கடி என்றால் கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் நேரம் போக்காமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரி. புடையன் பாம்பு கூடுதலாக இரவில்தான் திரியும், டோர்ச் இல்லாமல் வானை விட்டு இறங்க வேண்டாம்.

வன்னிக்குள் முதல் இரவுக்கு என்னைக் கேட்டால் ஒட்டுசுட்டான்தான். மாங்குளத்தால் திரும்பி மூன்று மணிக்குள் சந்தியில் நின்று, தேத்தண்ணிக் கடையில் அப்பாவின் பெயரைச் சொல்லுங்கள். வர முன்னம் அப்பாவிடம் அவருடைய அப்பாவின் பெயரையும், வீடு கோயிலடிப் பக்கமா முத்தையன்கட்டுப் பக்கமா என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், ஒரே பெயரில் ஊரில் நாலு பேர் இருப்பார்கள், இது இல்லாமல் போனால் கடைக்காரர் ஆளாளாய்க் கூப்பிட்டு விசாரித்து முடிய உங்கள் தேத்தண்ணி ஆறிப்போகும்.