இடைக்கால இத்தாலியைப் பார்க்க புளோரன்ஸ், சியெனா, வெனிஸ் போதாதா? பலெர்மோ வரை போகத்தான் வேண்டுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கிற இரண்டு வரியையும் வாசித்தேன். பத்து நாள் பயணம், பழைய நகரங்கள் பார்க்க ஆசை, "தெற்கில் மாஃபியாவைத் தவிர அப்படி என்ன சரித்திரம் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பியோ தங்கச்சியோ தெரியாது. லண்டனிலோ சென்னையிலோ இருந்துகொண்டு, டிக்கெட் விலையை ஒரு கண்ணாலும் லீவு நாளை மற்றக் கண்ணாலும் பார்த்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் இருபத்திரண்டு வருடமாகச் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் இருக்கிறேன். அதனால் கேள்வி கொஞ்சம் சுட்டது.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் சரித்திரம் படித்தவன் இல்லை. உயர்தரத்தில் கணிதப் பிரிவை இரண்டு தரம் எழுதிப் பார்த்துவிட்டு வெளிக்கிட்டவன். இங்கே வீடு துப்புரவாக்குவதும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதும்தான் தொழில். பேராசிரியர்கள் வந்து பிழை பிடித்தால் பிடியுங்கள். கீழே வருவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, லிசேயோ என்கிற உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் லத்தீனும் கிரேக்கமும் படிப்பித்த ஒரு சிஞ்ஞோரா, அதாவது ஒரு இத்தாலிய அம்மா, எனக்குச் சொன்னது. அவருடைய கடைசி ஐந்து வருடமும் நான்தான் கூட இருந்தேன்.

வடக்கை நான் குறைத்துப் பேசவில்லை. சியெனாவுக்கு ஒருமுறை போயிருக்கிறேன், வடிவான ஊர். அங்கேயெல்லாம் ஊர்கள் தங்களைத் தாங்களே ஆண்டன. 1176இல் லெஞ்ஞானோவில் மிலானும் கூட்டாளி ஊர்களும் சேர்ந்து பேரரசர் பார்பரோஸாவையே விரட்டிவிட்டன. 1260இல் மொந்தபெர்த்தியில் புளோரன்ஸை அடித்ததைச் சியெனாக்காரர் போன கிழமை நடந்த மாதிரிக் கதைப்பார்கள். வியாபாரிகள், சங்கங்கள், கோபுரங்கள், ஊருக்கு ஊர் சண்டை. புத்தகங்களில் இடைக்கால இத்தாலி என்றால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

தெற்கின் கதை வேறு. பலெர்மோவை 831இல் அரபுப் படை பிடித்தது. 1072இல் பிரான்சின் வடக்கிலிருந்து கூலிக்குச் சண்டை பிடிக்க வந்த நோர்மன்கள் பிடித்தார்கள். 1130ஆம் ஆண்டு நத்தார் (கிறிஸ்துமஸ்) அன்று இரண்டாம் றொஜர் இங்கே முடிசூடினார். நோர்மன் ஆட்கள் கொஞ்சம், நாடு பெரிது. கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் முஸ்லிம்களும் கிரேக்கரும். அவர்களை விரட்டினால் வரி யார் பிரிப்பது? ஆகவே வைத்துக்கொண்டார்கள். றொஜர் சிறுவனாக இருந்தபோது அவருடைய தாய் அதெலாசியா 1109இல் எழுதுவித்த உத்தரவு கிரேக்கத்திலும் அரபியிலும் இருக்கிறது. ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய காகித ஆவணங்களில் அதுவும் ஒன்று.

அதே றொஜருக்காக அல் இத்ரீசி என்கிற அறிஞர் உலகத்தை வெள்ளித் தகட்டில் வரைந்து, 1154இல் அதற்கு ஒரு புத்தகமும் எழுதி முடித்தார். தகடு தொலைந்துவிட்டது, புத்தகப் பிரதிகளில் படங்கள் உண்டு. அதில் சரந்தீப் என்று நம்முடைய இலங்கையும் இருக்கிறது. இன்னொன்று, அந்தப் படத்தில் தெற்குத்தான் மேலே. தெற்கை இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு நான் கைபேசியில் காட்டுவது அந்தப் படத்தைத்தான். உங்களுக்கும் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2014இல் அம்மா ஊரில் தவறிப்போனார். எனக்கு அது சொஜோர்னோவை, அதாவது இங்கே தங்குகிற அனுமதிப் பத்திரத்தை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். கையில் ஒரு ரசீதுத் துண்டு மட்டும். அந்தத் துண்டோடு வெளிக்கிட்டால் திரும்பி வர விடுவார்களா என்று ஒரு காரியாலயத்தில் மூன்று நாள் போய்க் கேட்டேன். முதல் நாள் போகலாம் என்றார்கள், இரண்டாம் நாள் போகக்கூடாது என்றார்கள், மூன்றாம் நாள் ஆளே இல்லை. இடைக்கால இத்தாலிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. ஆனால் எழுதாமல் விட மனம் வரவில்லை. மூன்று மொழியில் எழுத்தர் வைத்திருந்த ஊரில், ஒரு கேள்விக்கு ஒரு மொழியில்கூட ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. கொள்ளி வைத்தது தம்பி. நான் வீடியோவில் பார்த்தேன்.

முப்பத்தோராம் நாளுக்கு இங்கேயும் ஒரு சின்னக் கல்வெட்டு அடிப்போம் என்று நினைத்தேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது மட்டும் இல்லை. செத்தவரைப் பற்றி அந்தியேட்டி என்கிற முப்பத்தோராம் நாள் கிரியை அன்று கொடுக்கிற சின்னப் புத்தகத்துக்கும் அதுதான் பெயர். முதல் பக்கத்தில் படம், அடுத்து திதி வெண்பா, பிறகு தேவாரம், கடைசியில் நன்றி நவிலல். அப்படித்தான் இருக்கும்.

வங்காளி ஒருவருடைய அச்சுக் கடையில் கொடுத்தேன். அவருடைய கணினியில் தமிழ் எழுத்து இல்லை. முதல் பிரதியில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், குற்று எல்லாம் வட்டமாக வந்தது. அம்மாவின் பெயரே அம்மாவின் பெயராக இல்லை. மனிதர் பாவம், கடையைப் பூட்டிவிட்டு என்னோடு இரவு பதினொரு மணி வரை இருந்து சரிபண்ணினார். காசு கூடக் கேட்கவில்லை.

அடுத்த நாள் சிஞ்ஞோரா அந்தப் பிரதியை வாங்கிப் பார்த்தார். "இதை எனக்குத் தருவாயா?" என்றார். தருவேன் என்றேன். "நான் எப்படி வாசிப்பது?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்காக என்னிடம் துக்கம் விசாரித்த வீடுகளில் பாதி இத்தாலிய வீடு. நான் வேலை செய்கிற மாடிகள், கீழே காய்கறிக் கடைக்காரர், மகளின் ஆசிரியை. அவர்களுக்கும் ஒரு பக்கம் வேண்டாமா?

இருவரும் மேசையில் இருந்து மொழிபெயர்த்தோம். ஆகஸ்ட் 30 என்பது சுலபம். ஜய வருடம், ஆவணி மாதம், பூர்வபக்கப் பஞ்சமி என்பதை எப்படிச் சொல்வது? வருடத்துக்கு ஏன் பெயர் இருக்கிறது, அறுபது வருடம் முடிந்தால் என்ன நடக்கும், நிலவு வளர்வதற்கும் சாவுக்கும் என்ன தொடர்பு என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில் "வளரும் நிலவின் ஐந்தாம் நாள்" என்று எழுதினார். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "கிரிஸாந்தோவுக்கும் இந்தக் கரைச்சல் இருந்திருக்கும்" என்றார். யார் அது, உங்கள் பழைய மாணவரா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

அடுத்த கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சொல்லப்போனால் நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன், அவருக்கு அப்போது எண்பத்துநாலு வயது. சீசா மாளிகை. நம்முடைய சீசா இல்லை, அரபியில் அல் அஸீஸா. றொஜரின் மகன் முதலாம் வில்லியம் தொடங்கி, பேரன் இரண்டாம் வில்லியம் முடித்த கோடைகால அரண்மனை. கீழ்க் கூடத்தில் சுவரிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் வாய்க்காலாக ஓடுகிறமாதிரிக் கட்டியிருக்கிறார்கள். வெக்கைக்கு அதுதான் ஏசி.

அங்கே ஒரு சலவைக்கல் இருக்கிறது. நான் நினைத்துப் போனதைவிடச் சின்னக் கல். நடுவில் நிறக் கற்கள் பதித்த வட்டத்துக்குள் ஒரு சிலுவை, அதைச் சுற்றி நாலு பக்கமும் எழுத்து. இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் கிரேக்கம், கீழே அரபு, மேலே எபிரேயம். மேலே உள்ளது எபிரேய எழுத்துத்தான், ஆனால் மொழி அரபு. அந்தக் காலத்துப் பலெர்மோ யூதர்கள் அரபியைத் தங்கள் எழுத்தில் எழுதினார்கள். நாலு எழுத்து, மூன்று மொழி.

விஷயம் ஒன்றுதான். றொஜர் மன்னரின் குருவானவர்களில் ஒருவரான கிரிஸாந்தோவின் தாய் ஆன்னா 1148 ஆகஸ்ட் 20இல் இறந்தார். முதலில் பெரிய கோவிலில் அடக்கம் செய்து, அடுத்த வருடம் மே மாதம் மகன் தான் கட்டிய சிற்றாலயத்துக்குத் தாயைக் கொண்டுவந்தார். இதைத்தான் நாலு தரம் எழுதியிருக்கிறது. ஆனால் வருடம் நாலுக்கும் நாலு. லத்தீனில் 1148. கிரேக்கத்தில் உலகம் படைத்த கணக்கில் 6656. எபிரேய எழுத்தில் யூதரின் கணக்கில் 4908. அரபியில் ஹிஜ்ரி 543. எல்லாம் ஒரே வருடம்தான்.

சிஞ்ஞோரா லத்தீனை விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு வாசித்தார். கிரேக்கத்தையும் வாசித்தார், கொஞ்சம் மெதுவாக. அரபிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. "இது எனக்குத் தெரியாது. மேலே இருப்பதும் தெரியாது. நான் பிறந்த ஊரின் கல், பாதிதான் வாசிக்கிறேன்" என்றார். நான் வேறு ஒன்றையும் கேட்கவில்லை, ஆன்னா என்ற பெயர் எங்கே எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். இரண்டு இடத்தில் காட்டினார்.

அந்தக் குருவானவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதில் ஆளுக்கு ஒரு அபிப்பிராயம். மன்னரின் பெருமையைக் காட்டத்தான், நாலு சமயத்தவரும் வந்து அழுதார்கள் என்று அர்த்தம் இல்லை என்று சிஞ்ஞோராவே சொன்னார். இருக்கலாம். நானும் இத்தாலியப் பக்கம் அடித்தபோது பக்கத்து வீட்டார் முன்னால் கொஞ்சம் பெருமை எனக்கும் இருந்தது. அதற்காக அழுகை பொய்யா?

"ஆகா, எல்லாச் சமயமும் கைகோத்து வாழ்ந்த பொற்காலம்" என்று நான் எழுதப்போகிறேன் என்று நினைக்கவேண்டாம். 1161இல் பிரபுக்களின் கலகத்தோடு பலெர்மோ முஸ்லிம்களை வெட்டினார்கள். றொஜரின் மகள்வழிப் பேரன் இரண்டாம் பிரெடெரிக், அரபி பேசுவார், அறிவாளி என்று எல்லோரும் புகழ்கிற அதே ஆள், 1220களில் தொடங்கிச் சிசிலி முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்து இத்தாலித் தரையில் லுச்சேரா என்ற இடத்தில் குடியேற்றினார். 1300இல் அந்த ஊரையும் அழித்து, ஆட்களை அடிமையாக விற்றார்கள். இதையும் அதே சிஞ்ஞோராதான் சொன்னார், வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு.

1282 உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த நாள், மாலைப் பூசை மணியோடு, அப்போது சிசிலியை ஆண்ட பிரெஞ்சுக்காரருக்கு எதிராகக் கலவரம் தொடங்கிய சாந்தோ ஸ்பிரித்தோ கோவில் இப்போது சேமக்காலைக்குள் (கல்லறைத் தோட்டத்துக்குள்) இருக்கிறது. பிரெஞ்சுக்காரனா என்று பார்க்கக் கடலையைக் காட்டி "சிச்சிரி" என்று சொல்லச் சொன்னார்களாம். நாக்குத் திரும்பாதவனுக்கு வெட்டு. கதைதான் என்கிறார்கள். என் அப்பா 83 கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தவர். அங்கே தமிழனா என்று பார்க்கக் காட்டியது வாளி, சொல்லச் சொன்னது அதற்குச் சிங்களச் சொல்லான "பால்திய". இந்தக் கதையை இங்கத்தை ஆட்கள் சிரித்துக்கொண்டு சொல்லும்போது நான் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போய்விடுவேன்.

இன்னொரு கூட்டத்துக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். சாந்தா றொசாலியாவைக் கும்பிட இங்குள்ள பெல்லெகிரினோ மலைக்கு ஏறுகிற தமிழர்களைப் பற்றி "மதம் மாறிவிட்டார்கள்" என்று எழுத வராதீர்கள். பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா றொசாலியாவும் அந்த நோர்மன் காலத்துப் பெண் என்றுதான் மரபு. அரண்மனையை விட்டு மலைக்குகையில் போய் இருந்தவர். 1624இல் கொள்ளைநோய் ஊரை அழித்தபோது அவருடைய எலும்புகள் கிடைத்தன, ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள், நோய் நின்றது என்று ஊர் நம்புகிறது. நான் சைவம். ஞாயிற்றுக்கிழமை மலைக்கும் போவேன், வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலுக்கும் போவேன். அம்மாவின் கல்வெட்டு ஒன்றைக் குகையில் வைத்துவிட்டும் வந்தேன். "பலெர்மோவிலோ இருக்கிறாய், கனடாவுக்கு வந்திருக்கலாமே" என்று கல்யாண வீடுகளில் கேட்கிற சொந்தக்காரருக்கும் இதுதான் பதில், வேறு பதில் என்னிடம் இல்லை.

ஒரு நாள்தான் என்றால் காலையில் நேரத்தோடு கப்பெல்லா பலத்தீனா. றொஜரின் அரண்மனைக் கோவில். சுவரில் கிரேக்க முறை மொசைக், மேலே அரபு முறையில் செதுக்கிய மரக் கூரை. கழுத்து வலித்தாலும் கூரையைப் பாருங்கள், குடிக்கிறவர்களும் பாட்டுக்காரரும் சதுரங்கம் ஆடுகிற இரண்டு பேரும் இருக்கிறார்கள், அதுவும் கோவிலுக்குள். வெளியே வரும்போது றொஜரின் தண்ணீர் மணிக்கூட்டுக்கு வைத்த 1142ஆம் ஆண்டுக் கல்லைத் தேடுங்கள், அதில் மூன்று மொழி. மத்தியானம் பல்லரோ சந்தையில் சாப்பிடுங்கள், பையை முன்பக்கம் போட்டுக்கொண்டு. பின்னேரம் சீசா. வெக்கை காலம் என்றால் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள், அந்தப் பக்கம் நிழல் குறைவு.

நாள் காணாது என்றால் வெனிஸில் ஒன்றைக் குறையுங்கள்.