பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்புக்கு நேர்காணல் வரை போய் நிராகரிக்கப்பட்டேன். எப்படி மீண்டு வருவது?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம்: கல்யாணமாகி அமெரிக்காவில் இருக்கிறார். பிசிஷியன் அசிஸ்டன்ட் (டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துச் சிகிச்சை தருகிறவர்) படிப்புக்கு விண்ணப்பித்து, அதை நடத்துகிற மூன்று பள்ளிகளில், அதாவது கல்லூரிகளில், நேர்காணல் முடித்தார். இரண்டு பள்ளிகள் இல்லை என்று மெயில் அனுப்பிவிட்டன, ஒன்றில் வெயிட்லிஸ்ட். இப்போது திருநெல்வேலி பேட்டையில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறார். யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை என்கிறார்.

தங்கச்சி, ‘மார்க் குறைஞ்சு போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. இங்கே விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணமாகி நியூஜெர்சி போனேன். அங்கே ஓர் இதய மருத்துவரின் கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டன்டாக வேலை பார்த்துக்கொண்டேதான் விண்ணப்பித்தேன். நேர்காணல்கள் முடிந்த கையோடு அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் என்று ஊருக்கு ஓடி வந்தேன். மறுப்பு மெயில்கள் எனக்கு இங்கேதான் வந்தன. பிறகு ஒரு சுற்றில் இடம் கிடைத்தது, இன்றைக்கு அந்த வேலையில் இருக்கிறேன். எனக்குக் கிடைத்ததால் உங்களுக்கும் கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னவர்கள் மேல் எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

நம்ம ஊரில் தோற்றுப்போனவர் கையிலும் ஓர் எண் இருக்கும். ‘பாயின்ட் அஞ்சுல மெடிக்கல் போச்சு’ என்று சொல்கிற அக்கா ஒருத்தி எல்லாத் தெருவிலும் உண்டு. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பாயின்ட் அஞ்சைச் சொல்லுவாள், கேட்கிறவர்களும் ‘அடப்பாவமே’ என்பார்கள். அவளை யாரும் குறைவாக நினைப்பதில்லை, அவளும் தன்னைக் குறைவாக நினைப்பதில்லை. நேர்காணலுக்குப் பின் வருகிற மறுப்பு அப்படி இல்லை. மார்க்கையும் அனுபவத்தையும் பார்த்து, போதும் என்று தெரிந்துதான் கூப்பிட்டார்கள். ஆளை நேரில் பார்த்தார்கள், பேச வைத்துக் கேட்டார்கள், அப்புறம் வேண்டாம் என்றார்கள். அப்படியானால் வேண்டாம் என்றது என்னைத்தானே என்று மனசு கேட்கும். அவர்கள் காரணம் சொல்லாததால் அதுவே ஒவ்வொன்றாக எடுத்துப் போடும். என் உச்சரிப்பா, வயசா, நடுவில் வேலைக்குப் போகாத வருஷங்களா, கடைசிக் கேள்விக்கு நான் சிரித்த சிரிப்பா?

தெரியாத காரணத்தைத் தெரியாததாகவே விட்டுவைப்பதுதான் இதில் பெரிய பாடு. அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று நிதானமாக யோசித்த பிறகுதான் எனக்கு அது கொஞ்சம் கைகூடியது.

அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் 300-ஐ ஒட்டி இருக்கின்றன. கேட்க நிறைய போலத் தெரியும். ஆனால் ஒரு வகுப்பில் பெரும்பாலும் சில பத்துப் பேர்தான், விண்ணப்பங்களோ பல பள்ளிகளில் ஆயிரக்கணக்கில் குவியும். காஸ்பா என்ற பொது விண்ணப்பம் ஏப்ரல் கடைசியில் திறக்கிறது. நிறைய பள்ளிகள் நேர்காணல் நடத்த நடத்தவே இடங்களைக் கொடுத்துக்கொண்டு போகும். அக்டோபரில் போனவருக்கு இருந்த காலி இடம் பிப்ரவரியில் போனவருக்கு இருக்காது. அறை அறையாகப் போய்ச் சின்னச் சின்னதாகப் பதில் சொல்கிற எம்எம்ஐ முறை நேர்காணல் உங்களுக்கும் நடந்திருக்கும். அறை வாசலில் ஒரு தாள், அதைப் படிக்க இரண்டு நிமிஷம், உள்ளே பேச ஏழெட்டு நிமிஷம், மணி அடித்ததும் அடுத்த அறை. உள்ளே உட்கார்ந்திருப்பவர் பல இடங்களில் உங்கள் ஃபைலையே பார்த்திருக்க மாட்டார். அந்தப் பதிலுக்கு மட்டும் ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஆக, எண் இங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. நம்மிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஏதோ ஓர் அறையில் உங்களுக்கும் ஒரு பாயின்ட் அஞ்சு போயிருக்கிறது. அதற்கு மேல் உங்களைப் பற்றி அவர்கள் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

ஊரில் இருந்துகொண்டு இந்த மெயிலுக்குக் காத்திருப்பதில் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. அவர்களுடைய ஆபீஸ் நேரம் நமக்கு ராத்திரி. குளிர்காலத்தில் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே ராத்திரி ஏழரை, அவர்கள் மாலை ஐந்துக்குக் கதவைச் சாத்தும்போது இங்கே விடியக்காலம் மூன்றரை. வீடே தூங்கும். நான் பட்டாசலில் பாய் விரித்து, போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன். அப்படி ஒரு ராத்திரிதான் அது வந்தது. விண்ணப்பித்தமைக்கு நன்றி, இந்த ஆண்டு தகுதியானவர்கள் மிகப் பலர், இடம் அளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். பேரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் போகிற நாலு வரி. திரும்பத் திரும்பப் படித்தேன். எழுந்து வந்த அம்மா என்ன ஏதென்று கேட்கவில்லை. ‘சவத்த விடுட்டி. எந்திச்சு ரெண்டு தோசையத் தின்னுட்டு அழு’ என்று அடுக்களை விளக்கைப் போட்டாள். அந்நேரத்துக்குக் கல்லைக் காய வைத்தாள். தின்றுகொண்டேதான் அழுதேன்.

நீங்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். மெயிலைப் பார்க்கிற பொறுப்பை வீட்டுக்காரரிடம் கொடுங்கள், அங்கே அவருக்கு அது பகல்தானே. வெயிட்லிஸ்டிலிருந்து அழைப்பு வந்தால் பதில் சொல்ல நாள் குறைவாக இருக்கலாம், அதற்கு மட்டும் அவர் உங்களை எழுப்பட்டும். மற்றதெல்லாம் விடிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

என்னை மறுபடி ஆளாக்கியது அப்பாவின் ஆஸ்பத்திரி வார்டு. பைபாஸ் முடிந்தவர்களுக்கு மூன்று பந்து வைத்த ஒரு கருவி கொடுப்பார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். நெஞ்சு எலும்பைப் பிளந்து தைத்திருப்பதால் ஆழமாக மூச்சு விடப் பயமாக இருக்கும், விடாவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். அப்பா ஒரு பந்தோடு நிறுத்திக்கொண்டு, ‘போதும்ட்டி’ என்பார். தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமச் சொல்லி, மறுபடி குழாயைக் கொடுப்பேன். இரண்டாவது பந்து ஏறிய நாளில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மெயில் படித்த மறுநாள் காலையும் அதே வேலைதான். எந்தப் பள்ளி இல்லை என்று சொன்னாலும் இந்தக் கைக்கு இது தெரியும் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

அப்பாவின் கால் தையலைப் பார்க்க வந்த தம்பியும் ஒரு பிசிஷியன் அசிஸ்டன்ட், கோவில்பட்டிப் பக்கம். நம் நாட்டில் இந்தப் படிப்பு 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் கே. எம். செரியன் முயற்சியில் தொடங்கியது. அதனால்தான் இன்றும் இதய அறுவைப் பிரிவுகளில் இவர்களை அதிகம் பார்க்கலாம். பைபாஸுக்குக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்துக் கொடுப்பதைக்கூட இவர்கள் செய்வதுண்டு. ‘எனக்கெல்லாம் இன்டர்வியூவே கிடையாதுக்கா, ப்ளஸ் டூ மார்க்தான்’ என்றான். சொந்தக்காரர்கள் ‘அந்தப் படிப்பு இங்கேயே இருக்கே’ என்று உங்களிடம் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவில் உரிமம் வாங்குவதற்கான தேர்வை எழுத, அங்கே அங்கீகாரம் பெற்ற பள்ளியில்தான் படித்திருக்க வேண்டும். பொறுமை இருந்தால் விளக்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இந்தத் தொழில் பிறந்த கதையும் எனக்குத் தெம்பு கொடுத்தது. 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இதைத் தொடங்கியபோது முதல் வகுப்பில் சேர்ந்த நாலு பேரும் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்கள். (பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் நம்ம திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ் தொடங்கியதும் அதே 1965-தான்.) நோயாளியின் பக்கத்தில் நின்று பழகிய கையை நம்பி உண்டான படிப்பு இது. இப்போதும் விண்ணப்பத்தில் நோயாளிகளோடு வேலை பார்த்த மணிக்கணக்கைத் தனியாகக் கேட்பது அதனால்தான். முடிந்தவரை சீக்கிரம் நோயாளிகளிடம் திரும்பிப் போங்கள். விண்ணப்பத்துக்கு மணிநேரம் சேரும் என்பது இரண்டாவது. முதலில் உங்களுக்கு அது வேண்டும்.

இனி, யார் முகத்தில் விழிப்பது என்ற கேள்வி. சித்தப்பா மகள் கல்யாணம் முடிந்து மறுவீட்டுப் பந்தி. இலையில் சொதி ஊற்றி, இஞ்சித் துவையலும் வைத்தாகிவிட்டது. எதிர் வரிசையிலிருந்து அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ‘ஏட்டி, டாக்டர் மாதிரி என்னமோ படிக்கப் போறேன்னியாமே, கிடைச்சுட்டா?’ என்றாள். ‘இன்னும் இல்ல அத்தை, அடுத்த வருசம் பாக்கணும்’ என்றேன். ‘அப்படியா? அந்தத் துவையலைத் தொட்டுக்கோ, நல்லா இருக்கு’ என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள். அந்தக் கேள்விக்குப் பயந்து பந்திக்கே வராமல் இருந்துவிடலாமா என்று காலையில் யோசித்திருந்தேன். ஒரே ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், யார் கேட்டாலும் அதே வரி. ‘பிள்ளையப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கலாம்லா’ என்பவர்களுக்கும் அதே வரிதான். அதற்கு மேல் விளக்கம் கேட்கிற உரிமை உங்கள் வீட்டுக்காரருக்கும் பெற்றவர்களுக்கும் மட்டும்தான் உண்டு.

மனசு கொஞ்சம் ஆறிய பிறகு, மறுத்த பள்ளிகளுக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டு, எதில் குறைந்தது என்று கேட்டுப் பாருங்கள். பல பள்ளிகள் சொல்லாது, சில சொல்லும். நம்ம பக்கத்துப் பிள்ளைகளிடம் பயிற்சி நேர்காணல் நடத்தும்போது நான் அடிக்கடி பார்க்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘தன்னைத்தானே பெருசா பேசாதட்டி’ என்று ஆச்சிமார் வளர்த்த பிள்ளைகள் நாம். நோயாளியின் கால் வீங்கியிருப்பதை முதலில் கவனித்தவளே, ‘நாங்க டாக்டர்கிட்ட சொன்னோம்’ என்பாள். எதிரே இருப்பவருக்கு அதில் அவளைக் காணவே முடியாது. அந்த வளர்ப்பை உதற வேண்டாம், நோயாளி முன்னால் நிற்கும்போது அதுதான் நமக்குப் பெரிய பலம். நான் பார்த்தேன், தொட்டேன், கேட்டேன், அப்புறம் போய்ச் சொன்னேன் என்று நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும், அதில் பெருமை எதுவும் இல்லை. முதலில் தமிழிலேயே உங்கள் அம்மாவிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும்.

அடுத்த சுற்றுக்குப் போவதாக இருந்தால் பரிந்துரைக் கடிதங்களைப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும், இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். பழைய பாடங்களுக்குச் சில பள்ளிகள் கால வரம்பு வைத்திருக்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்காக இழுத்தால், இருந்து என்ன என்று ஒரு தரம் தோன்றினால்கூட, அதை மனசோடு வைத்துக்கொள்ளாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் இருக்கிறது. மருத்துவத் தொழிலுக்குப் போகிற நாமே அங்கே போகக் கூசினால் எப்படி?

கடைசியாக, அந்த வெயிட்லிஸ்ட். நீங்கள் அதையும் மறுப்புக் கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அது மறுப்பு இல்லை. பல இடம் கிடைத்தவர்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவார்கள். வகுப்பு தொடங்குகிற வாரம் வரைகூட அந்தப் பட்டியல் நகரும். புதுத் தகவல் அனுப்பலாமா என்று அந்தப் பள்ளியின் விதியைப் பாருங்கள். வேண்டாம் என்றிருந்தால் அனுப்பாதீர்கள். அனுப்பலாம் என்றிருந்தால், இன்னும் உங்கள் பள்ளியில் சேர விரும்புகிறேன், நேர்காணலுக்குப் பிறகு இந்த வேலை பார்த்திருக்கிறேன், இந்தப் பாடம் முடித்திருக்கிறேன் என்று ஐந்தாறு வரி போதும். பேட்டையில் இருக்கிற இந்த நாட்களிலேயே எழுதி, வீட்டுக்காரரிடம் ஒரு தரம் வாசிக்கக் கொடுத்துவிட்டு அனுப்பிவிடுங்கள்.