விடியலில் மீன் தவிக்கிறது, மாலையில் செடி சிறுக்கிறது: தொட்டியில் கரியமில வாயுவைச் சீராக்குவது எப்படி?

கேள்வி: 120 லிட்டர் நன்னீர்த் தொட்டியில் ரோட்டாலா, வாலிஸ்நேரியா, தரையில் படரும் குளோசோஸ்டிக்மா வளர்க்கிறேன். சிறிய மீன்கள் 20 இருக்கின்றன. சிலிண்டரிலிருந்து நொடிக்கு 2 குமிழி வீதம் இரவு பகலாகக் கரியமில வாயு போகிறது. விளக்கு 10 மணி நேரம் எரிகிறது. விடியும்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஆனால் ரோட்டாலாவின் நுனி சிறுத்துப்போகிறது. பழைய இலைகளின் ஓரத்தில் தூரிகை மயிர் போலக் கருப்புப் பாசி பிடிக்கிறது. காலையில் விளக்குப் போடும் முன் பி.எச். 6.4, விளக்கு அணையும் நேரத்தில் 7.0. கே.எச். (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) 5. வாயுவைக் கூட்டுவதா, குறைப்பதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் வாயு திறக்கும் நேரத்தை மாற்றுங்கள். காரணம் நீங்கள் கொடுத்த அளவுகளிலேயே இருக்கிறது.

கே.எச். அளவை 3-ஆல் பெருக்குங்கள். பி.எச். 7.0 ஆக இருக்கும்போது, தண்ணீரில் கரைந்துள்ள கரியமில வாயு ஏறக்குறைய அந்த விடைதான், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். பி.எச். 0.3 இறங்கும் ஒவ்வொரு முறையும் அது இரட்டிப்பாகும். உங்கள் தொட்டியில் மாலை 7.0-இல் 15 மி.கி.; 6.7 என்றால் 30, காலை 6.4-இல் 60. செடிக்குத் தேவைப்படுவது 20 முதல் 30 வரை. விளக்கில்லாத 14 மணி நேரமும் யாரும் உண்ணாத வாயு தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகிறது. வெளிச்சம் வந்ததும் செடிகள் அதை இழுத்து, மாலைக்குள் கால்வாசியாக்கிவிடுகின்றன.

விடியலில் மீன் படும் பாட்டுக்கு இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. இருட்டில் செடிகள் ஆக்சிஜன் தருவதில்லை. அவையும் மீன்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருப்பதால், விடியும் நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். அதே நேரத்தில் தண்ணீரில் கரியமில வாயு உச்சத்தில் நிற்பதால், மீனின் இரத்தத்திலிருந்து அந்த வாயு செவுள் வழியே வெளியேற முடிவதில்லை. இரத்தம் அமிலமாகி, ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் திறன் குறைகிறது. எனவே காற்றுக்கல் மட்டும் போட்டுவிட்டு வாயுவை இரவெல்லாம் திறந்தே விட்டால் பாதிச் சிக்கல் அப்படியே நிற்கும்.

பி.எச். குறைவாக இருக்கிறதே என்று சமையல் சோடாவைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். பலரும் செய்யும் தவறு இது. சோடா போட்டால் கே.எச். ஏறும், பி.எச். உயரும், கரைந்திருக்கும் வாயு மட்டும் அப்படியே இருக்கும். எண் சரியாகிவிட்டதாகத் தோன்றும். மீன் தவித்துக்கொண்டுதான் இருக்கும்.

சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில், மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு ஒன்றும் டைமரும் பொருத்துங்கள். விளக்கு எரிவதற்கு 2 மணி நேரம் முன்பு வாயு திறக்க வேண்டும். விளக்கு அணைவதற்கு 1 மணி நேரம் முன்பு மூட வேண்டும். விளக்கு நேரத்தை 10 மணியிலிருந்து 7 ஆகக் குறைத்துவிடுங்கள். வெளிச்சம் கூடினால் செடியின் வாயுப் பசியும் கூடும். அதற்கு ஈடுகொடுக்க முடியாத இடத்தில்தான் பாசி நுழைகிறது. பகல் 12 முதல் இரவு 7 வரை விளக்கு என்றால் வாயு காலை 10 முதல் மாலை 6 வரை. சோலனாய்டு வரும்வரை சிலிண்டரின் தலை வால்வையே கையால் மூடித் திறக்கலாம். ஊசி வால்வை இறுக்கி மூடாதீர்கள். அது அளவு வைப்பதற்கான வால்வு. அடைப்பதற்குப் பயன்படுத்தினால் ஊசி நசுங்கி, பிறகு குமிழி நிலையாக வராது. வாயு நிற்கும் நேரத்தில் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி ஏறாமலிருக்க, வாயுவை நுண்குமிழிகளாக்கும் டிஃப்யூசருக்கு முன்னால் ஒருவழி வால்வு கட்டாயம் வேண்டும்.

நேரத்தை மாற்றியபின், முதல் நாள் விளக்குப் போடும் சமயத்தில் பி.எச். பாருங்கள். இரவுச் சேமிப்பு இல்லாததால் 2 குமிழி போதாமல் போகவே வாய்ப்பு அதிகம். 2 நாளைக்கு ஒருமுறை சிறிதளவு கூட்டி, விளக்கு எரியும்போது 6.7 முதல் 6.85-க்குள் வரும்படி வையுங்கள். கூட்டும் நாளில் 3 மணி நேரமாவது தொட்டியருகே இருங்கள். மீன் வேகமாகச் செவுளை அசைத்தாலோ மேற்பரப்புக்கு வந்தாலோ உடனே வாயுவை மூடி, காற்றுப் பம்பைப் போட்டு, தண்ணீரில் பாதியை மாற்றுங்கள். இறால் வளர்த்தால் 20 மி.கி.யோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. குமிழி எண்ணிக்கையை மற்றொருவர் தொட்டியோடு ஒப்பிடாதீர்கள். குமிழியின் பருமன் எண்ணும் கருவிக்குக் கருவி மாறும்.

மேலே சொன்ன கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. தொட்டியில் மரக்கட்டையோ, காய்ந்த இலையோ, அமிலத்தன்மையுள்ள செடி மண்ணோ இருந்தால் அவையும் பி.எச்.-ஐ இறக்கும், கணக்கு உண்மையைவிட அதிக வாயுவைக் காட்டும். அதனால், கரைந்துள்ள வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் சிறு குப்பியான டிராப் செக்கர் ஒன்றைத் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றினால் பயனில்லை; கே.எச். 4 உள்ள கரைசல்தான் வேண்டும். 1 லிட்டர் வாலைவடிநீரில் 1.2 கிராம் சமையல் சோடாவைக் கரைத்தால் கே.எச். 40. அதில் 100 மி.லி. எடுத்து 900 மி.லி. வாலைவடிநீர் சேர்த்தால் கே.எச். 4. அதில், அமிலத்தன்மைக்கேற்ப நிறம் மாறும் புரோமோதைமால் நீலம் சில சொட்டு விட்டால் போதும். நீலம் என்றால் வாயு குறைவு, பச்சை என்றால் ஏறக்குறைய 30 மி.கி., மஞ்சள் ஆபத்து. இது காட்டுவது ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு முந்தைய நிலை என்பதால், நிறத்தை நம்பி அவசரமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

குளோசோஸ்டிக்மா தரையில் இருக்கும் செடி. அங்கே வாயு போய்ச்சேருகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். டிராப் செக்கரை மண்ணுக்கு அருகில் 3 மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே பச்சை, கீழே நீலம் என்றால் குறை வாயுவில் இல்லை, நீரோட்டத்தில். காற்றைவிடத் தண்ணீரில் வாயு ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஓட்டம் இல்லாத மூலையில் செடி பட்டினிதான். பில்டரும் பம்பும் சேர்ந்து மணிக்கு 600 லிட்டருக்குக் குறையாமல் சுற்றட்டும். டிஃப்யூசரை எதிர்மூலையின் அடியில் வைத்து, நுண்குமிழிகள் தரையோடு தவழும்படி ஓட்டத்தைத் திருப்புங்கள்.

மேற்பரப்பு மெல்ல அலைய வேண்டும். வாயு வீணாகிறதே என்று சிலர் அதை அசையாமல் வைக்கிறார்கள். கொஞ்சம் வாயு போவது உண்மைதான். ஆனால் ஆக்சிஜன் உள்ளே வருவதும் அந்த வழியாகத்தான். போகும் வாயுவுக்கு ஒரு குமிழி கூட்டிக்கொள்ளுங்கள்.

சிலிண்டரைப் பற்றி ஒன்று. உள்ளே வாயு திரவமாக இருப்பதால், 20 டிகிரி செல்சியஸில் அழுத்தமானி ஏறக்குறைய 57 பாரில் நிலையாக நிற்கும். பாதி தீர்ந்தாலும் முள் அசையாது. முள் இறங்கத் தொடங்கினால் திரவம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றை நிலை ரெகுலேட்டர் அந்தக் கடைசிக் கட்டத்தில் குமிழியைத் திடீரெனக் கொட்டி, ஒரே இரவில் தொட்டியையே அழித்துவிடக்கூடும். இறங்கிய அன்றே சிலிண்டரை மாற்றுங்கள். படுக்கவைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் பாயும். எப்போதும் நிமிர்த்திக் கட்டிவையுங்கள். இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் கசிவு பாருங்கள். காற்றோட்டமில்லாத சிற்றறையில் வைக்காதீர்கள்.

கருப்புப் பாசி பிடித்த இலை திரும்பப் பச்சையாகாது, வெட்டி எடுத்துவிடுங்கள். வாயு ஏறி இறங்கும் தொட்டிகளில்தான் இந்தப் பாசியைப் பெரும்பாலும் காண்கிறோம், எனவே அளவு நிலைத்தபின் வரும் புதிய இலைகளைப் பாருங்கள். திரவக் கார்பன் என்று விற்கும் குளுட்டரால்டிஹைடை ஊற்ற வேண்டாம், வாலிஸ்நேரியா கரைந்துபோகும். வாலிஸ்நேரியா தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டையும் உண்ணக்கூடியது. அது செழித்திருப்பதை வைத்து வாயு போதும் என்று முடிவு செய்யாமல், ரோட்டாலாவின் நுனியைப் பாருங்கள். 3 வாரத்துக்குப் பிறகும் நுனி இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. பழைய இலையில் ஊசித்துளை விழுந்தால் சாம்பல் சத்துக் குறை. அப்போது உரத்தைச் சரிசெய்யுங்கள், வாயுவைத் தொடாதீர்கள்.