கருமபீடத்தில் இருக்கும் பிள்ளையின் கசப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு யாழ். நகரில் தொலைபேசி நிறுவனக் கிளையொன்றின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் சேர்ந்த மகள், எட்டு மாதத்துக்குள் "இந்தச் சனத்துக்கு என்ன சொன்னாலும் விளங்காது" என்று வீட்டிலும் வெறுப்போடு கதைக்கத் தொடங்கிவிட்டார் என்றும், பிள்ளையின் குணமே கெட்டுவிட்டதோ என்று பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்தக் கசப்பு பெரும்பாலும் அந்த வேலையால் வருவது; என்னிடம் வந்த பல பிள்ளைகளிடம் இதைக் கண்டிருக்கிறேன்.

மனதில் இல்லாத சிரிப்பைச் சம்பளத்துக்காக முகத்தில் வைத்திருப்பதும் ஓர் உழைப்பே என்று, விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் 1983இலேயே எடுத்துக்காட்டினார். அந்த உழைப்பில் களைத்தவர், தன்னைக் காத்துக்கொள்வதற்காகவே, எதிரே நிற்பவரைத் தொல்லையாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வேலை அழுத்தத்தால் வரும் சோர்வை விளக்கியபோது, களைப்போடு சேர்த்து, வேலைமீது ஏற்படும் விலகலையும் கசப்பையும் அதன் அடையாளங்களாகக் குறிப்பிட்டது. மேலும், தொலைபேசி ஒழுங்காக வேலை செய்கிறவர் எவரும் கிளைக்கு வந்து வரிசையில் நிற்பதில்லை. குறையோடு வருகிறவர்களையே நாள் முழுவதும் காணும் பிள்ளைக்கு, ஊரே சண்டைக்கு நிற்பதுபோலத் தோன்றுவது இயல்பு.

ஒருமுறை அத்தகைய கிளையொன்றில் காத்திருந்தபோது, பருத்தித்துறையிலிருந்து 750 பேருந்தில் வந்த முதியவர் ஒருவர், தான் கேட்காத சேவைக்குக் காசு வெட்டிய நாட்களை வட்டமிட்டிருந்த கலண்டர் தாளைக் கருமபீடத்தில் விரித்துக் காட்டினார். சேவையை நிறுத்த அங்கிருந்த பிள்ளைக்கு அனுமதி இருந்தது. காசைத் திருப்பிக் கொடுக்க இருக்கவில்லை. அவர் மூன்றாம் முறையும் அதையே கேட்டபோது, பிள்ளை முகத்தில் சிரிப்பு மாறாமல், பேனை மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்த விதியை எழுதியவர் அங்கே இல்லாதபடியால், இருவரின் கோபமும் ஒருவர்மீது ஒருவர் திரும்பியது.

ஆகவே, வேலையை விடச் சொல்வதற்கு முன்னர், வருகிறவர்களின் பிரச்சினைகளில் எத்தனையைத் தானே தீர்க்க முடிகிறது என்று மகளிடம் கேளுங்கள். பாதியையாவது தீர்க்கலாம் என்றால் அங்கேயே தொடரலாம். வாரத்தில் ஓரிரு நாட்கள் முறைப்பாட்டுக் கோப்புகளைப் பார்க்கும் உள்வேலையை மேற்பார்வையாளரிடம் கேட்கட்டும். ஒரு முறைப்பாடு எந்த மேசையில் முடங்குகிறது என்று கண்ணால் கண்ட பிள்ளைகளுக்குச் சனத்தின்மீது இருந்த கோபம் நன்றாகத் தணிந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு அதிகாரமே இல்லையென்றால், ஒரு வருடச் சேவைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை பொறுத்து, அதற்குள் சிங்களத்தையோ கணக்கீட்டையோ படித்துக்கொண்டு வேறு பிரிவுக்கு மாறலாம். நித்திரை குழம்பி, காலையில் அழுதழுது புறப்படும் நிலை வந்தால், அந்த ஒரு வருடத்தையும் பார்க்க வேண்டாம்.

வேலையால் வந்ததும் அவரது பேச்சைத் திருத்தாமல், தேத்தண்ணியைக் கொடுத்து அரை மணி நேரம் எதையும் கேட்காமல் விடுங்கள். நாள் முழுவதும் மறுமொழி சொல்லிக் களைத்த பிள்ளை. அவருக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் என்னிடம் அழைத்து வாருங்கள். நியமனக் கடிதத்தையும் கடமைப் பட்டியலையும் மறவாமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.