மார்ஷல் ஆம்ப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்ஷலின் முதல் ஆம்ப் (கிட்டார் சிக்னலைப் பெருக்கும் கருவி), அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் ஆம்பைப் பார்த்துக் காப்பியடித்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். மார்ஷல் தரப்பில் அதை யாரும் மறைத்ததும் இல்லை. ஆனால் "காப்பி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் கதையின் சுவையான பகுதி விட்டுப்போகும்.

ஜிம் மார்ஷல் கிட்டார் வாசித்தவர் அல்ல, எலெக்ட்ரானிக்ஸ் படித்தவரும் அல்ல. அவர் டிரம்ஸ் வாசிப்பவர், டிரம்ஸ் வாத்தியார். 1960ல் மேற்கு லண்டனில் ஹான்வெல் பகுதியில் உக்ஸ்பிரிட்ஜ் சாலையில் கடை திறந்தபோது அங்கே விற்றவை டிரம்ஸ்தான். பாடம் படிக்க வந்த பையன்களோடு அவர்களின் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் நண்பர்களும் வந்தார்கள். பின்னாளில் ராக் கிட்டாரில் பெரும்புகழ் பெற்ற பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் போன்றவர்கள் அப்போது சின்னப் பையன்கள். "எங்களுக்கு வேண்டிய சத்தம் எந்த ஆம்பிலும் இல்லை" என்று அவர்கள் சொல்வதை ஜிம் உட்கார்ந்து கேட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த ஃபெண்டர் பிடித்திருந்தது, ஆனால் இறக்குமதி விலை கட்டுப்படியாகவில்லை.

கடையில் ரிப்பேர் வேலை பார்த்த கென் பிரான், இளைஞர் டட்லி கிரேவன் இருவரும் ஃபெண்டரின் பேஸ்மேன் என்ற ஆம்பின் சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். 1962ல் மார்ஷலின் முதல் ஆம்பான ஜேடிஎம்45 பிறந்தது. பெயரில் இருப்பது ஜிம், அவருடைய மகன் டெர்ரி, பிறகு மார்ஷல்.

சர்க்யூட் கிட்டத்தட்ட அதேதான். அப்படியானால் சத்தம் ஏன் வேறு? இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களைப் போட்டதுதான் காரணம். கிட்டார் சிக்னல் முதலில் நுழையும் இடத்தில் ஃபெண்டரில் 12ஏஒய்7 என்ற வால்வு (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) இருந்தது. அதன் பெருக்கும் திறன் 40ஐ ஒட்டி. மார்ஷலில் அந்த இடத்தில் ஈசிசி83, அதற்கு 100. முதல் படியிலேயே இவ்வளவு கூடினால் அடுத்தடுத்த படிகள் சீக்கிரமே திணற ஆரம்பிக்கும். அந்தத் திணறலில் வரும் கரகரப்புதான் நாம் விரும்பும் டிஸ்டார்ஷன்.

அடுத்தது ஸ்பீக்கர். பேஸ்மேனில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள், பெட்டியின் பின்பக்கம் திறந்திருக்கும். மார்ஷல் பயன்படுத்தியவை செலஸ்டியன் கம்பெனியின் 12 அங்குல ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் 15 வாட்தான் தாங்கும். இரண்டைப் போட்டால் 30 வாட். ஆம்போ அதற்கு மேல். ஆகவே நான்கு வேண்டியிருந்தது, அவற்றை நாலாபுறமும் மூடிய தனிப்பெட்டியில் வைத்தார்கள். பின்பக்கம் மூடியதால் அடிச்சத்தம் இறுக்கமாகி, ஒலி முழுக்க முன்னால் பாய்கிறது. மார்ஷல் சத்தம் என்று நாம் சொல்வதில் பாதிக்குப் பாதி இந்தப் பெட்டியின் வேலை என்பது என் உறுதியான கருத்து.

மார்ஷல் 1959 என்ற மாடலை ஒருவர் விற்கிறார். 1962ல்தானே முதல் ஆம்ப் வந்தது? ஏமாற்று வேலையா?

இல்லை. 1959 என்பது மாடல் எண், ஆண்டு அல்ல. 1965ல் வந்த 100 வாட் சூப்பர் லீட் ஹெட்டின் (ஸ்பீக்கர் இல்லாமல் தனியாக வரும் ஆம்ப்) எண் அது. 50 வாட் மாடலின் எண் 1987. எரிக் கிளாப்டன் 1966ல் ஜான் மேயாலின் குழுவோடு பதிவுசெய்தபோது பயன்படுத்திப் புகழ்பெற்ற காம்போவின் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) எண் 1962. குழம்பாதவர் யாரும் இல்லை. தயாரித்த ஆண்டை சீரியல் எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மேடையில் மார்ஷல் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைக்கும் பழக்கம் யார் தொடங்கியது?

பீட் டவுன்ஷெண்ட். 1965 வாக்கில் அவருக்கு 45 வாட் போதவில்லை. கூட்டத்தின் இரைச்சலும் பக்கத்தில் டிரம்ஸும் சேர்ந்து அவர் கிட்டாரை விழுங்கிக்கொண்டிருந்தன. பெரிதாக வேண்டும் என்று கேட்டார்; 100 வாட் ஹெட் வந்தது. அதோடு ஒரே பெட்டிக்குள் எட்டு ஸ்பீக்கர் வேண்டும் என்றார். தூக்குகிற பையன்கள் பாவம் என்று ஜிம் எச்சரித்தார், கேட்கவில்லை. செய்து கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பையன்கள் முதுகு பிடித்துப்போய் நிற்க, டவுன்ஷெண்டே திரும்பி வந்தார். அப்புறம் நான்கு நான்காகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, உச்சியில் ஹெட்டை வைத்தார்கள். மேல் பெட்டியின் முகம் சற்றுச் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சாய்வால் மேல் ஸ்பீக்கர்களின் ஒலி வாசிப்பவரின் காதுக்கு நேராக வருகிறது.

இந்த அடுக்கை உலகறியச் செய்தவர் அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். 1966ல் லண்டன் வந்தவருக்கு டிரம்ஸ் வாசித்த மிட்ச் மிட்செல், ஜிம்மின் மாணவர். அவர் வழியாகத்தான் ஹென்ட்ரிக்ஸ் அந்தக் கடைக்கு வந்தார். ஹென்ட்ரிக்ஸின் முழுப்பெயர் ஜேம்ஸ் மார்ஷல் ஹென்ட்ரிக்ஸ், கடைக்காரர் ஜேம்ஸ் சார்லஸ் மார்ஷல். தற்செயல்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்லத் தோன்றுகிறது.

மார்ஷலின் ஜேசிஎம்800 ஆம்ப் என்றால் 800 வாட்டா?

இல்லை. ஜேசிஎம் ஜிம்மின் பெயர் எழுத்துகள், 800 அவருடைய கார் நம்பர் பிளேட்டில் இருந்தது. 1981ல் அந்தப் பெயர் வந்தது. அதே ஆண்டில்தான் ரோஸ்-மோரிஸ் நிறுவனத்தோடு 15 ஆண்டுகளுக்குப் போட்ட விநியோக ஒப்பந்தமும் முடிந்தது. அந்த ஒப்பந்தம் வெளிநாட்டில் மார்ஷல் விலையை ஏற்றிவிட்டது, பழைய விற்பனையாளர்களையும் கழற்றிவிட்டது. அவர்களில் ஒருவருக்காக ஜிம் "பார்க்" என்ற வேறு பெயரில் ஆம்ப் செய்து கொடுத்தார். பழைய பார்க் கண்ணில் பட்டால் அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள், உள்ளே இருப்பது மார்ஷல்தான்.

ஜேசிஎம்800 வரிசையின் புகழ்பெற்ற 100 வாட் சர்க்யூட் 1975லேயே வந்துவிட்டது. அதில் மாஸ்டர் வால்யூம் உண்டு. பழைய சூப்பர் லீடில் டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால் முழுச் சத்தத்தில் வைத்தே ஆக வேண்டும். இதில் முன்பகுதியைத் திணறவிட்டு, கடைசிச் சத்தத்தைத் தனியாக அடக்கலாம். எண்பதுகளின் ஹார்ட் ராக்கும் மெட்டலும் இதன் மேல் நின்றன.

வீட்டில் வாசிக்க 100 வாட் வாங்கலாமா, 20 வாட் போதுமா?

20 வாட்டே வீட்டுக்கு அதிகம். வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆக 100 வாட்டை 50 ஆக்கினால் அண்டை வீட்டுக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. மார்ஷலின் 20 வாட் மாடல்களில், சூப்பர் லீடின் குணம் வேண்டும் என்றால் எஸ்வி20, ஜேசிஎம்800ன் குணம் வேண்டும் என்றால் எஸ்சி20. இரண்டையும் 5 வாட்டுக்கு இறக்கும் வசதி உண்டு. அந்த 5 வாட்டும் முழுக்கத் திறந்தால் நல்ல சத்தம், எச்சரிக்கையாகச் சொல்கிறேன்.

எஸ்வி20 வாங்கினால் ஒன்று செய்து பாருங்கள். முகப்பில் நான்கு துளைகள் இருக்கும், இரண்டு சேனல்கள். முதல் சேனலின் ஒரு துளையில் கிட்டார், அதன் இன்னொரு துளையிலிருந்து ஒரு சிறு கேபிளை இரண்டாவது சேனலுக்குப் போடுங்கள். ஒரு சேனல் கூர்மை, மற்றது கனம். இரண்டு வால்யூமையும் கலந்து வைத்தால்தான் அந்த ஆம்ப் முழுதாகப் பேசும்.

கடையில் பார்க்கும் மார்ஷல் புளூடூத் ஸ்பீக்கரும் அதே கம்பெனிதானா?

தொடக்கத்தில் இல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த சவுண்ட் இண்டஸ்ட்ரீஸ், 2010 முதல் மார்ஷல் பெயரை உரிமம் வாங்கி ஹெட்ஃபோன் செய்தது, அப்புறம் ஸ்பீக்கர். 2023ல் அந்த நிறுவனமே ஆம்ப் நிறுவனத்தையும் வாங்கியது. 2025ல் ஹாங்ஷான் என்ற சீன முதலீட்டு நிறுவனம் பெரும்பங்கை வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ஜிம் 2012லேயே காலமாகிவிட்டார். அந்த ஸ்பீக்கர் நன்றாகத்தான் பாடும். கிட்டாரை அதில் செருகினால் ஆம்ப் ஆகிவிடாது.

என் சின்ன மார்ஷல் எம்ஜி ஆம்பில் ஹென்ட்ரிக்ஸ் சத்தம் ஏன் வரவில்லை?

அதில் வால்வு இல்லை, டிரான்ஸிஸ்டர். பெட்டியும் சிறியது, ஸ்பீக்கரும் சிறியது. மேலே சொன்ன காரணங்களில் ஒன்றுகூட அதற்குள் இல்லை, பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது. கற்றுக்கொள்ள அது போதும். அடுத்து ஒன்று வாங்கும்போது பெயருக்காகக் காசு கொடுக்காதீர்கள், சர்க்யூட்டுக்குக் கொடுங்கள். அதே பணத்தில் வேறு கம்பெனியின் நல்ல வால்வு ஆம்ப் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். டிரான்ஸிஸ்டர் என்றாலே மட்டம் என்றும் நினைக்க வேண்டாம்: டெத் என்ற மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர் சக் ஷூல்டினர் வாசித்தது மார்ஷல் வால்வ்ஸ்டேட், அதில் வால்வு முன்பகுதியில் மட்டும்தான், பின்பகுதி டிரான்ஸிஸ்டர்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் பழைய மார்ஷல் ஹெட் கொண்டுவருகிறார். அப்படியே செருகலாமா?

கூடவே கூடாது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்பக்கத்தில் வோல்டேஜ் செலக்டர் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய ஹெட்கள் பலவற்றில் உண்டு. இல்லையென்றால் தகுந்த வாட் உள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். ஸ்பீக்கர் பெட்டியின் ஓம் (மின்தடை) எண்ணும் ஆம்பின் ஓம் செலக்டரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பின் மூடியைத் திறக்க வேண்டாம்: உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல், சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் நின்றுகொண்டிருக்கும். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். இரண்டாவதும் போனால் வால்வு ஆம்ப் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.