பிக்கப் ரிவர்ஸ் சென்சார் தொல்லை – கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கேள்வி: அண்ணே, ரிவர்ஸ் போட்டாலே பின்னாடி ஒண்ணும் இல்லாம விடாம பீப் அடிக்குது. ஒர்க்‌ஷாப்ல நாலு சென்சாரையும் மாத்தணும்கிறாங்க. மாத்திடவா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. நாலும் ஒரே நேரத்துல போறது ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் ஒண்ணு கெட்டுத்தான் மொத்த சிஸ்டத்தையும் குழப்பும். முதல்ல ஈரத்துணியால சேறு தூசியெல்லாம் தொடைச்சிடுங்க. அப்புறம் சமதரையில நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு கல்லும் வச்சுட்டு, சாவியை மட்டும் ஆன்ல வச்சு ரிவர்ஸ் கியர் போடுங்க. இப்ப பின்னாடி போய் ஒவ்வொரு சென்சார் மேலயும் விரல் நுனியை லேசா வைங்க, உயிரோட இருக்கிறது டிக் டிக்னு துடிக்கும், காதை கிட்ட கொண்டுபோனா கேக்கவும் செய்யும். துடிப்பே இல்லாததுதான் சந்தேகப்பட வேண்டியது. அதை கழட்டி பக்கத்துல உள்ளதோட இடம் மாத்தி மாட்டுங்க. கோளாறும் கூடவே இடம் மாறினா சென்சார் போச்சு, ஒண்ணு மட்டும் வாங்குனா போதும். பழைய இடத்துலயே நின்னா சென்சார் மேல தப்பே இல்ல, வயரையோ மாட்யூலையோ (எல்லா சென்சார் வயரும் போய் சேர்ற கன்ட்ரோல் பெட்டி) பாக்கணும்.

கேள்வி: அதே மாதிரி மாத்திப் பாத்தேன் சார், கோளாறு பழைய இடத்துலயேதான் இருக்கு.

பதில்: அப்போ பெரும்பாலும் கனெக்டர்தான். பிக்கப்ல பின்பக்க வயரிங் சேசிஸை ஒட்டியே போகுது, டயர் வாரி அடிக்கிற சேறும் தண்ணியும் நேரா அங்கதான் விழும். பம்பருக்கு உள்பக்கம் சாக்கெட்டை கழட்டிப் பாருங்க, உள்ள இருக்கிற உலோக ஊசியில (பின்) பச்சையா பூத்திருந்தா அதான் காரணம். காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, சின்ன பிரஷ்ஷால தேச்சு, நல்லா காய விட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத, ஈரம் புகாம காக்கிற கிரீஸ்) கொஞ்சம் வச்சு மாட்டுங்க. அப்பவும் சரியாகலைன்னா மல்டிமீட்டரை வச்சுக்கிட்டு வயரை அங்கங்க அசைச்சுப் பாருங்க, உள்ளுக்குள்ள அறுந்திருந்தா காட்டிக்குடுத்துடும்.

கேள்வி: வண்டி காலியா இருந்தா ஒழுங்கா இருக்கு, லோடு ஏத்தினா கத்துது. ஏன்?

பதில்: இதை கோளாறுன்னே சொல்ல முடியாது. லோடு ஏறினதும் லீஃப் ஸ்பிரிங் அமுங்கி பின்பக்கம் இறங்குது, சென்சாரும் கீழ பாத்த மாதிரி ஆயிடுது, ரோட்டையே தடைன்னு எடுத்துக்குது. கம்பெனியில வந்தது இல்லாம வெளிக்கடையில மாட்டின செட்டுன்னா சென்சார் பின்னாடி மேல்பக்கம் எதுன்னு குறி போட்டிருப்பாங்க, பல பேர் அதை பாக்காம தலைகீழா மாட்டிடுறாங்க, ஒருதரம் கழட்டிப் பாத்துடுங்க.

கேள்வி: ப்ளாஸ்டிக் பம்பரை எடுத்துட்டு இரும்பு பம்பர் போட்டேன், அன்னையிலிருந்து ஓயாத பீப்.

பதில்: சென்சாரை சுத்தி ரப்பர் வளையம் போட்டாங்களான்னு பாருங்க. சென்சார் நம்ம காதுக்கு கேக்காத ஒலியை அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியை வச்சுத்தான் தூரத்தை அளக்குது. அதுக்காக உள்ள இருக்கிற தகடு 40 கிலோஹெர்ட்ஸ் (வினாடிக்கு 40 ஆயிரம் தடவை) இல்ல அதுக்கும் மேல அதிருது, ரப்பர் இல்லாம இரும்பை தொட்டுச்சுன்னா பம்பரும் சேர்ந்து அதிரும், தன்னோட அதிர்வையே திரும்பி வந்த எதிரொலின்னு நினைச்சு கத்தும். ஓட்டையை இறுக்கமா போட்டிருந்தாலும் இதேதான். பம்பரோட சேத்து சென்சாருக்கும் தடியா பெயிண்ட் அடிச்சிருந்தா அதுவும் கெடுதல்.

கேள்வி: சத்தமே வரல, சுத்தமா செத்துடுச்சு.

பதில்: ரிவர்ஸ் லைட் எரியுதா? வெளியில மாட்டின செட்டுக்கு பெரும்பாலும் அந்த வயர்லேர்ந்துதான் கரண்ட் எடுப்பாங்க. லைட்டும் எரியலைன்னா ஃப்யூஸ், அப்புறம் கியர்பாக்ஸ்ல இருக்கிற ரிவர்ஸ் சுவிட்ச்.

கேள்வி: பெரிய லாரி பக்கத்துல நின்னா மட்டும் சும்மா பீப் வருதே?

பதில்: ஏர் பிரேக் புஸ்ஸுனு காத்து விடுதுல்ல, அதுல நம்ம சென்சார் கேக்கிற அதிர்வெண்ணும் கலந்திருக்கும். லாரி நகர்ந்தா நின்னுடும், கைவைக்க வேண்டாம்.

கேள்வி: டெயில்கேட்டை தொறந்து வச்சு கம்பி ஏத்திட்டு போறேன், சென்சாரை நம்பி ரிவர்ஸ் எடுக்கலாமா அண்ணே?

பதில்: கூடவே கூடாது. சென்சார் பம்பர்ல இருந்து அளக்குது, டெயில்கேட்டும் கம்பியும் அதுக்கு மேல வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, இன்னும் தூரம் இருக்குன்னு அது சொல்றப்பவே கம்பி சுவத்துல இடிச்சிருக்கும். ஆளை இறக்கி பின்னாடி நிக்க வச்சு, அவர் கண்ணாடியில தெரியிற மாதிரி பாத்துக்கிட்டு மெதுவா எடுங்க.