ஆட்டோகிராஸ் ஓட்டும் காரில் முன் டயரின் வெளி ஓரம் மட்டும் ஏன் தேய்கிறது?

மாதவரத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: முன்சக்கரத்தில் இழுக்கும் ஹேட்ச்பேக், டயரின் நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே வெளி ஓரம் மொட்டையாகிவிட்டது. நான் முதலில் சந்தேகப்படுவது கேம்பரைத்தான், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணத்தை. ஏனென்றால் ஆட்டோகிராஸ் பந்தயத்தில் வழி காட்ட வைத்திருக்கும் கூம்புகளைச் சுற்றி வேகமாகத் திருப்பும்போது பாடி சாய்கிறது, அதோடு சக்கரமும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, மொத்தப் பாரமும் அந்த ஓரத்தில் விழுகிறது. தெருவுக்கு வைத்த கேம்பர் இதற்குப் போதாது, நெகட்டிவ் கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உள்பக்கம் சாயும் அளவை, கூட்ட வேண்டும்.

ஆனால் அதற்கு முன் காற்றைப் பாருங்கள். ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். பக்கச்சுவரில் இருக்கும் சின்ன முக்கோணக் குறியையும் தாண்டிக் கோடு அழிந்திருந்தால் காற்று குறைவு, 2 பிஎஸ்ஐ ஏற்றி மறுபடி பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

அப்புறம் டயரின் மேல் உள்ளங்கையை குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் திரும்பி வரும்போது ரம்பம் மாதிரியும் இருந்தால் அது டோ கோளாறு, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவில் கோளாறு. கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான எண்ணூர், மணலி சாலைகளில் ஒரு பலமான அடி போதும், டோ மாறிவிடும். ஆகவே கேம்பரை மாற்றினாலும் டோவைக் கட்டாயம் மறுபடி அளந்து வையுங்கள், கேம்பர் மாறினால் டோவும் நகரும்.